கியாபிரெப் ஸ்பின் மினிபிரெப் கிட்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

மூலக்கூறு மரபியல் லேப் எதுவாக இருந்தாலும், அங்கே தினப்படி நடக்கும் வேலை, பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவை எடுப்பது. குளோனிங், சீக்வென்சிங், புரத உற்பத்தி, மியூட்டேஷன் என்று பேராசிரியரின் ஆராய்ச்சி ஆர்வம் எந்தப் பக்கம் போனாலும், மாணவர் கையில் முதலில் இருப்பது ஓர் இரவு வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியா கல்ச்சரும், அதிலிருந்து சிறிய அளவில் பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுக்கும் ஒரு மினிபிரெப் கிட்டும்தான். அந்தக் கிட்டுகளில், வேறு எதையும் யோசிக்காமல் ஆர்டர் போடப்படுவது கியாஜென் கம்பெனியின் கியாபிரெப். 1984-ல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய கம்பெனி அது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட் நம்பகமானது, விலை அதிகம். "கிட் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கல்ச்சரிலும் பாக்டீரியாவின் ஸ்ட்ரெயினிலும் (வகையிலும்) இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கம்பெனி மாற்றிப் பயனில்லை. அதைச் சரிசெய்தவர்களுக்கோ, எல்லா வேலைக்கும் இந்தக் கிட் தேவையே இல்லை.

50 தயாரிப்புக்கும் 250 தயாரிப்புக்கும் பெட்டிகள் உண்டு. உள்ளே சிலிக்கா சவ்வு வைத்த ஸ்பின் குழாய்கள், 2 மில்லி சேகரிப்புக் குழாய்கள், பி1, பி2, என்3, பிபி, பிஇ, இபி என்ற பஃபர்கள், தனிக் குப்பியில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைமான ஆர்என்ஏஸ் ஏ, லைஸ்புளூ என்ற நிறங்காட்டி. பஃபர்களின் உள்ளடக்கத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பி1 என்பது 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 8.0), 10 மில்லிமோலார் இடிடிஏ, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆர்என்ஏஸ். பி2 என்பது 200 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 சதவீத எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற பொருள்). என்3-ல் 4.2 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் 0.9 மோலார் பொட்டாசியம் அசிடேட்டும், பிஎச் 4.8. கடைசியில் டிஎன்ஏவைக் கழற்றும் இபி வெறும் 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5.

முன்பாதி வேலை, பிர்ன்போயிமும் டோலியும் 1979-ல் வெளியிட்ட காரச் சிதைவு முறை. உப்பின் துணையோடு டிஎன்ஏவைக் கண்ணாடியில் ஒட்டவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று வோகல்ஸ்டைனும் கில்லஸ்பியும் காட்டியதும் அதே 1979-ல்தான். கிட் இந்த இரண்டையும் ஒரே குழாயில் சேர்க்கிறது. என்3-ல் குவானிடினைக் கலந்திருப்பதில்தான் சாமர்த்தியம். காரத்தைச் சமன்செய்வதும், டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டத் தேவையான உப்புச் சூழலை உண்டாக்குவதும் ஒரே ஊற்றலில் முடிந்துவிடுகிறது. பழைய முறையின் ஃபீனால், குளோரோஃபார்ம், ஐசோபுரோப்பனால் எதுவும் வேண்டாம். கல்ச்சரைச் சுழற்றியதிலிருந்து அரை மணி, முக்கால் மணிக்குள் டிஎன்ஏ கைக்கு வரும்.

செய்முறை அட்டையில் இருப்பது சுருக்கமானது. ஒன்று முதல் 5 மில்லி வரை கல்ச்சரைச் சுழற்றி அடியில் படியவைத்து, மேல் திரவத்தை முழுக்க வடித்துவிட்டு, 250 மைக்ரோலிட்டர் பி1-ல் கரைக்க வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு சின்னக் கட்டி மிச்சமிருந்தாலும் அதன் உள்ளே இருக்கும் செல்களுக்கு பி2 எட்டாது. இந்தக் கட்டத்தில் வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) தாராளமாக அடிக்கலாம். பி2 ஊற்றியபின் அடிக்கவே கூடாது.

அடுத்து 250 மைக்ரோலிட்டர் பி2. டியூபை நான்கு முதல் ஆறு முறை மெதுவாகக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். எஸ்டிஎஸ் செல் சவ்வைக் கரைக்கிறது; காரம் டிஎன்ஏவின் இரு இழைகளையும் பிரிக்கிறது. குரோமோசோம் டிஎன்ஏ நீளமானது, குலுக்கினால் துண்டாகும். துண்டான பகுதிகள் பிளாஸ்மிட்டோடு கூடவே கடைசிவரை வந்துவிடும், பிறகு எந்தக் கழுவலிலும் போகாது. திரவம் தெளிவாகி, பைப்பெட் முனையில் தொட்டால் நூல் இழுக்கும் பதம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு ஐந்து நிமிடம்தான் கெடு. அதைத் தாண்டினால் பிளாஸ்மிட்டின் இரு இழைகளும் ஒன்றோடொன்று பழையபடி பொருந்த முடியாத நிலைக்குப் போய்விடும். அப்படிச் சிதைந்த பிளாஸ்மிட்டை மின்சாரம் செலுத்தி ஜெல்லில் ஓட்டினால், முறுக்கேறிய நல்ல பிளாஸ்மிட்டுக்கும் முன்னால் ஒரு தனிப் பட்டையாக ஓடும். ஒளியால் டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவியில் அளவு அழகாகக் காட்டும், ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் மட்டும் வெட்டாது. "என்சைம் செத்துப்போச்சு" என்று பழிபோடும் முன் அந்தப் பட்டையைத் தேடிப் பார்ப்பது நல்லது. 24 குழி ரோட்டரை நிரப்பி வேலை செய்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். டியூபுக்குப் பத்து விநாடி என்றாலும் 24-வது டியூபுக்கு பி2 ஊற்றும்போது முதல் டியூபுக்கு நான்கு நிமிடம் ஓடியிருக்கும். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு என்3 ஊற்றிக் கலந்த பிறகே அடுத்த பாதிக்கு பி2-வை எடுக்கலாம்.

350 மைக்ரோலிட்டர் என்3 ஊற்றியதும் தாமதிக்காமல் உடனே கவிழ்த்துத் திருப்ப வேண்டும். ஊற்றிவிட்டு அப்படியே வைத்தால் வெள்ளைக் கட்டி ஓரிடத்தில் மட்டும் உருவாகி, அதன் நடுவே கலக்காத பசை மாட்டிக்கொள்ளும். பொட்டாசியமும் எஸ்டிஎஸ்ஸும் சேர்ந்து கரையாத உப்பாக விழும்போது புரதங்களையும் குரோமோசோம் டிஎன்ஏவையும் கூடவே இழுத்துக்கொண்டு கீழே போகின்றன. திரிந்த பால் போல டியூப் முழுக்கச் சீராகத் திப்பிதிப்பியாகத் தெரிந்தால் சரி. லைஸ்புளூ சேர்த்திருந்தால் வேலை இன்னும் எளிது. பி2 கலந்ததும் முழுக்க நீலம், என்3 கலந்ததும் நீலம் மொத்தமாகப் போய்விட வேண்டும். எங்காவது நீலத் திட்டு நின்றால் அங்கே கலக்கவில்லை என்று பொருள். பி1-ல் இதை ஆயிரத்துக்கு ஒன்று வீதம், அதாவது 10 மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் சேர்க்கிறோம். சேர்த்ததும் அடியில் கொஞ்சம் படியும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கி எடுத்தால் போதும். பழகிய கைகளுக்கு இது தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கையில் இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

13,000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சுழற்றியபின் தெளிந்த திரவத்தில் 800 மைக்ரோலிட்டரை ஸ்பின் குழாயில் ஊற்ற வேண்டும். மொத்தம் 850 இருக்கும். மிச்ச ஐம்பதுக்கு ஆசைப்பட்டு வெள்ளைப் படிவையும் உறிஞ்சிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. படிவு சவ்வை அடைத்துவிடும். திரவம் கலங்கலாகத் தெரிந்தால் இன்னொரு முறை சுழற்றிவிட்டே ஊற்ற வேண்டும்.

கல்ச்சர் விஷயத்துக்கு வருவோம். தட்டிலிருந்து புதிதாக எடுத்த ஒற்றைக் காலனி, எல்பி ஊடகம், சரியான ஆன்டிபயாடிக், 37 டிகிரி, 12 முதல் 16 மணி நேரம், கல்ச்சர் அளவைப்போல் நான்கு மடங்காவது கொள்ளும் டியூப் அல்லது ஃபிளாஸ்க். கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து நேரே ஊடகத்தில் போடுவது, ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்த தட்டிலிருந்து எடுப்பது, காலை வரும்வரை விட்டுவைத்து இருபது மணி நேரம் தாண்டுவது எல்லாமே விளைச்சலைக் குறைக்கும். ஆம்பிசிலின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பிளாஸ்மிட்டின் உதவியால் மருந்தை எதிர்க்கும் செல்கள் வெளியிடும் பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைம் ஊடகத்தில் இருக்கும் மருந்தைத் தின்று தீர்த்ததும், பிளாஸ்மிட்டை இழந்த செல்கள் செழித்து வளர ஆரம்பிக்கும். கல்ச்சர் கெட்டியாக இருக்கும், டிஎன்ஏ இருக்காது.

எதிர்ப் பக்கத்துத் தவறு, அதிகமாகப் போடுவது. டிபி போன்ற சத்துமிக்க ஊடகத்தில் எல்பியைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு செல்கள் வளரும். அதில் 5 மில்லியை இறக்கினால் 250 மைக்ரோலிட்டர் பி2 அத்தனை செல்களையும் உடைக்கப் போதாது. பதம் பிசுபிசுப்பாகவே நிற்கும், என்3-க்குப் பிறகும் படிவு சரியாக இறங்காது, கடைசியில் விளைச்சல் குறையும், ஆர்என்ஏவும் மிஞ்சும். சவ்வு பிடித்துவைக்கும் உச்ச அளவே சுமார் 20 மைக்ரோகிராம்தான். பியுசி வகைப் பிளாஸ்மிட் செல்லுக்கு 500 முதல் 700 பிரதிகள் இருக்கும். அதற்கு எல்பியில் 2 அல்லது 3 மில்லியே தாராளம்.

புரதம் செய்யப் பயன்படும் பிஇடி வெக்டர்களின் (பிளாஸ்மிட் வகை) கதை வேறு. அவற்றில் பிரதியெடுப்பைத் தொடங்கும் பகுதி பிபிஆர்322 என்ற பிளாஸ்மிட்டினுடையது, செல்லுக்கு 15, 20 பிரதிதான். பியுசி19-க்குக் கிடைத்த அளவை இதில் எதிர்பார்த்துவிட்டு ஏமாறுவது வழக்கமாக நடக்கிறது. இதற்குக் கியாஜெனின் கையேட்டிலேயே வழி உண்டு. 10 மில்லி வரை கல்ச்சர் எடுத்து, பி1, பி2, என்3 மூன்றையும் இரட்டிப்பாக்கி, தெளிந்த திரவத்தை ஒரே ஸ்பின் குழாயில் தவணை தவணையாக ஊற்றிச் சுழற்றலாம். கல்ச்சரை மட்டும் இரட்டித்து பஃபரை இரட்டிக்காமல் விட்டால் மேலே சொன்ன அத்தனை சிக்கலும் வரும்.

அந்த பிஇடி பிளாஸ்மிட்டை பிஎல்21-லிருந்தே எடுக்க முயல்வது இரட்டைத் தலைவலி. பிஎல்21, எச்பி101, ஜேஎம்101 ஆகிய ஸ்ட்ரெயின்களில் எண்ட்ஏ என்ற நியூக்ளியேஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் என்சைம்) உயிரோடு இருக்கிறது. மினிபிரெப் முடிந்த அன்று ஜெல்லில் நன்றாகத் தெரியும் பிளாஸ்மிட், என்சைமுக்குத் தேவையான மெக்னீசியத்தோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்ததும் தேய்ந்து மறையும். டைஜெஸ்ட் செய்யும் (என்சைமால் வெட்டும்) டியூபில் மட்டும் டிஎன்ஏ காணாமல்போனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரவேண்டும். பிபி பஃபரில் 500 மைக்ரோலிட்டர் ஊற்றிக் கழுவும் படி இருப்பதே இந்த நியூக்ளியேஸை வெளியேற்றத்தான். எண்ட்ஏ செயல்படாத டிஎச்5 ஆல்ஃபா, எக்ஸ்எல்1-புளூ ஸ்ட்ரெயின்களை வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடலாம் என்று கையேடே சொல்கிறது. எங்கள் கருத்து: ஸ்ட்ரெயின் எதுவானாலும் விடாதீர்கள், ஒரு நிமிட வேலை. அதைவிட நல்ல வழி, பிளாஸ்மிட்டை டிஎச்5 ஆல்ஃபாவில் வைத்துக்கொண்டு எப்போதும் அதிலிருந்தே எடுப்பது. பிஎல்21 புரதம் செய்ய மட்டும்.

பிஇ பஃபர் செறிவாக வருகிறது. ஒரு பங்குக்கு நான்கு பங்கு, 96 முதல் 100 சதவீத எத்தனால் சேர்த்து 80 சதவீதமாக்க வேண்டும். புதுப் பெட்டியைத் திறந்தவர் எத்தனாலை ஊற்றினாரா இல்லையா என்பது பலர் பகிரும் லேபில் தீராத மர்மம். பாட்டில் லேபிளில் அதற்கென்றே டிக் போடும் கட்டம் இருக்கிறது, போடுங்கள். எத்தனால் இல்லாத பிஇ-யைக் கொண்டு கழுவினால் டிஎன்ஏ முழுதும் கழுவுநீரோடு போய்விடும். வழிந்த திரவத்தைக் கொட்டிவிட்டால் அதோடு முடிந்தது.

750 மைக்ரோலிட்டர் பிஇ கழுவலுக்குப் பின் வருவது எல்லோரும் அலட்சியமாகச் செய்யும் படி. சேகரிப்புக் குழாயில் வழிந்ததைக் கொட்டிவிட்டு, வெறும் குழாயோடு இன்னொரு நிமிடம் சுழற்ற வேண்டும். கொட்டாமல் சுழற்றினால் எத்தனால் முழுதும் போகாது. எத்தனால் மிஞ்சியதற்கு அடையாளம் ஜெல் குழியிலேயே தெரியும்: சாம்பிள் அடியில் உட்காராமல் மிதந்து வெளியே வந்துவிடும். அந்த டிஎன்ஏவை துண்டுகளை ஒட்டும் லைகேஷனுக்கோ சீக்வென்சிங்குக்கோ அனுப்பினால் அங்கேயும் கெடுக்கும்.

கடைசியில் 50 மைக்ரோலிட்டர் இபி, சவ்வின் நட்டநடுவில். சுவரில் ஊற்றினால் பாதி சவ்வு நனையாது. ஒரு நிமிடம் விட்டுச் சுழற்ற வேண்டும். 30 மைக்ரோலிட்டர் ஊற்றினால் அடர்த்தி கூடும், மொத்த அளவு குறையும். 10,000 கார இணைகளுக்கு (பேஸ் பேர்) மேற்பட்ட பிளாஸ்மிட்டுக்கு இபியை 70 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுவது பலன் தரும். தண்ணீரிலும் எடுக்கலாம், ஆனால் பிஎச் 7.0-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும். காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் கிடந்த வாலைநீர் அதற்குக் கீழே இறங்கியிருக்கும், சவ்வு டிஎன்ஏவை விடாது. இந்தச் சுழற்றலில் மூடி திறந்த 1.5 மில்லி டியூப்கள் ரோட்டரில் நிற்கும். மூடிகளைச் சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து வைத்தால் பிய்ந்து பறக்காது.

வந்த டிஎன்ஏ எப்படி? நானோடிராப்பில் 260, 280 நானோமீட்டரில் உறிஞ்சப்படும் ஒளியின் விகிதம் (260/280) 1.8-ஐ ஒட்டி வரும். 2-ஐத் தாண்டினால் ஆர்என்ஏ மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் பி1-ல் ஆர்என்ஏஸ் சேர்க்க மறந்ததோ, அதைச் சேர்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதோ காரணம். சேர்த்த பி1 குளிரில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 260/230 இரண்டுக்கு மேல் வரவேண்டும். இந்தக் கிட்டில் சறுக்குவது இந்த எண்தான், ஏனென்றால் குவானிடின் 230 பக்கம் ஒளியை உறிஞ்சுகிறது. பிஇ-யை ஊற்றி ஒரு நிமிடம் விட்டுச் சுழற்றுவதும், இரண்டாவது முறை கழுவுவதும் இதைச் சரிக்கட்டும். சீக்வென்சிங்குக்கு அனுப்பும் டிஎன்ஏவுக்கு இந்தச் சிரமம் தகும். சும்மா வெட்டிப்பார்க்க என்றால் வேண்டாம்.

பி2-வுக்கு எதிர்மாறான சேமிப்பு வேண்டும். குளிர்ந்தால் எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படியும். பி1 பக்கத்திலேயே ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கும், இரவெல்லாம் 18 டிகிரியில் ஏசி ஓடும் லேப்களுக்கும் இது வரும். 37 டிகிரி தண்ணீரில் வைத்துக் கரைத்தபின் பயன்படுத்தலாம், ஒன்றும் கெடாது. பாட்டிலைத் திறந்தே வைத்தால் காரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலுவிழக்கும். ஊற்றியதும் மூடிவிட வேண்டும்.

கிட்டுக்கு உண்மையான எல்லை ஒன்று உண்டு. இது எண்டோடாக்சினை (ஈ.கோலையின் சவ்விலிருந்து வரும் நச்சு) நீக்காது. எச்இகே293 என்ற மனிதச் செல்களுக்குள் டிஎன்ஏவைச் செலுத்த, அதாவது டிரான்ஸ்ஃபெக்‌ஷன் செய்ய இந்த டிஎன்ஏ போதும். முதன்மைச் செல்கள் (உடலிலிருந்து நேரே எடுத்தவை), நோயெதிர்ப்புச் செல்கள் என்றால் எண்டோடாக்சின் நீக்கும், பெரிய அளவுக்கான மிடி அல்லது மேக்ஸி கிட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

போட்டிக் கிட்டுகளில் ஜைமோவின் ஜிப்பி, கல்ச்சரைச் சுழற்றாமலே 600 மைக்ரோலிட்டரில் நேரடியாகச் சிதைவு பஃபரை ஊற்றும் முறை. வேகம் அதிகம், எடுக்கும் கல்ச்சர் குறைவு என்பதால் பிரதி குறைந்த பிளாஸ்மிட்டுக்கு ஒத்துவராது. என்இபி-யின் மொனார்க்கில் பஃபர்களே நிறத்தோடு வருகின்றன. தரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது. விலையும், எது சீக்கிரம் வந்து சேரும் என்பதும்தான் முடிவு செய்யும்.

நாற்பது காலனியில் எதில் இன்செர்ட் (நாம் செருகிய டிஎன்ஏ துண்டு) இருக்கிறது என்று பார்க்கத்தான் மினிபிரெப் என்றால், கிட்டைத் தொடாதீர்கள். காலனியிலிருந்தே டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் காலனி பிசிஆர் போதும், அல்லது லேபில் தயாரித்த கரைசல்களில் பழைய காரச் சிதைவைச் செய்து, தெளிந்த திரவத்தில் 0.7 பங்கு ஐசோபுரோப்பனால் ஊற்றிப் படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவினால் வெட்டிப்பார்க்கத் தகுந்த டிஎன்ஏ கிடைக்கும். கிட்டின் பஃபர் தீர்ந்து ஸ்பின் குழாய்கள் மிஞ்சினாலும் வழி உண்டு. 100 மில்லி என்3-க்குக் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு 40 கிராம், பொட்டாசியம் அசிடேட் 8.8 கிராம், அசிட்டிக் அமிலத்தில் பிஎச் 4.8-க்கு இறக்கினால் ஆயிற்று. 250 தயாரிப்புக்கு 87.5 மில்லி செலவாகும், ஆக அந்த 100 மில்லி ஒரு பெரிய பெட்டிக்குக் காணும். பயன்படுத்திய ஸ்பின் குழாயை அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்துவது மட்டும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மேஷனுக்கு (பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவுக்குள் புகுத்த) பிகோகிராம் அளவு பழைய பிளாஸ்மிட் போதும், உங்கள் புதுக் குளோன் தட்டில் போன வாரத்துக் காலனிகள் முளைக்கும்.

வாரத்துக்கு ஐந்தாறு மினிபிரெப் மட்டும் செய்யும் லேபுக்கு 50 பெட்டியே சரி. 250 பெட்டியில் ஒரு தயாரிப்புக்கு ஆகும் விலை குறைவு. நான்கு பேர் பகிர்ந்தால் லாபம், ஒருவரே வைத்திருந்தால் கலந்த பி1 பாதியிலேயே ஆறு மாதக் கெடுவைத் தாண்டும்.

இன்னொன்று, மைக்ரோபயாலஜி லேப்களுக்குக் குறிப்பாக. கழிவு ஜாடியில் பிளீச் ஊற்றிவைப்பது அங்கே பழக்கம். என்3, பிபி இரண்டிலும் குவானிடின் இருக்கிறது. பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஸ்பின் குழாயிலிருந்து வழிந்த திரவங்களை லேபிள் ஒட்டிய தனிப் பாட்டிலில் சேர்த்து ரசாயனக் கழிவாகக் கொடுங்கள். கல்ச்சரின் மேல் திரவம் மட்டும் பிளீச் ஜாடிக்குப் போகலாம்.